சாய்வு மாறாத கை



கத்தி தீட்டுவதைப் பற்றி வானொலியில் பேசப் போகிறேன் என்று சொன்னபோது, என் பழைய மாணவர் ஒருவர், "ஐயா, அதில் பேசுவதற்கு என்ன இருக்கிறது?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. என் வாழ்நாளின் பெரும்பகுதியில் நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். கல் இருக்கிறது, கத்தி இருக்கிறது, ஒன்றன்மேல் ஒன்றைத் தேய்த்தால் கூர் வந்துவிடுகிறது, இதற்கு ஒரு பாடம் எதற்கு என்பது என் எண்ணம். அந்த எண்ணம் பிழையானது என்பதை நான் அறிந்துகொண்ட விதம் இனிமையானதன்று. அதனை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு பாடத்துக்கு வருகிறேன்.

நான் தலைமையாசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்ற புதிது. எங்கள் தெருவுக்குத் திங்களுக்கு ஒருமுறை சாணைக்காரர் ஒருவர் வருவார். மிதிவண்டியைத் தாங்கியில் நிறுத்தி, அதன் மேலேயே அமர்ந்து மிதித்துச் சாணைச் சக்கரத்தைச் சுழலவிட்டு, வீடுதோறும் கொடுக்கும் கத்திகளையும் அரிவாள்மனைகளையும் தீட்டித் தருவார். ஓய்வு பெற்றவனுக்கு ஒரு வேலை வேண்டுமல்லவா? "இனி எங்கள் வீட்டுக் கத்திகளை நானே தீட்டிக்கொள்வேன்" என்று அவரிடம் பெருமையாகச் சொல்லி அனுப்பிவிட்டேன். கடைத்தெருவில் ஒரு தீட்டுக்கல் வாங்கினேன். காலையில் வானொலிச் செய்தி கேட்டுக்கொண்டே கத்தியைக் கல்லில் இப்படியும் அப்படியுமாக இழுப்பேன். அலகு பளபளவென்று மின்னும். நான் மகிழ்ந்து போவேன்.

சில திங்கள் கழிந்தபின் என் துணைவியார், "கத்தி முன்போல் வெட்டவில்லை" என்றார். "சற்று அழுத்தி நறுக்கினால் வெட்டும்" என்று நான் விடையளித்தேன். ஒருநாள் மாலை அவர் சேனைக்கிழங்கை நறுக்கிக்கொண்டிருந்தார். நான் சொல்லியபடியே அழுத்தினார். கத்தி கிழங்கின் தோலில் இறங்காமல் வழுக்கிச் சென்று, கிழங்கைப் பற்றியிருந்த இடக்கையின் சுட்டுவிரலில் பாய்ந்தது. நான்கு தையல்கள் போட வேண்டியதாயிற்று. காயம் ஆறிவிட்டது, ஆனால் விரலை நிமிர்த்தும் தசைநாண் அறுபட்டமையால், அவ்விரலின் நுனிக்கணு இன்றும் நேராக நிமிர்வதில்லை. மாலை நேரத்தில் வாசற்படியில் அமர்ந்து கண் பாராமலே மல்லிகை தொடுக்கும் கை அது. இப்பொழுது ஒவ்வொரு முடிச்சுக்கும் அவர் குனிந்து பார்க்கிறார். அவர் என்னைக் குறை கூறவில்லை. கூறியிருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

மழுங்கிய கத்தியே மிகுந்த தீங்கு செய்யும் கத்தி என்பதைப் பலரும் சொல்லக் கேட்டிருக்கிறோம். காரணம் எளிது. கூரிய கத்தி தன் மெல்லிய விளிம்பால் பொருளுக்குள் இறங்குகிறது. அங்கே பிடிப்புக் கிடைத்துவிடுகிறது. மழுங்கிய கத்தி இறங்காது. ஆகவே நாம் அழுத்துகிறோம். அழுத்தம் மிகுந்த நிலையில் அது வழுக்கிவிட்டால், அவ்வளவு விசையும் எங்கே செல்லும்? கைக்குத்தான்.

அன்றிரவு, அறிவியல் ஆசிரியர் ஒருவரிடமிருந்து எப்போதோ வாங்கி வைத்திருந்த உருப்பெருக்கிக் கண்ணாடியின் வழியே அக்கத்தியைப் பார்த்தேன். பக்கங்கள் இரண்டும் நன்றாகத் தேய்ந்து மின்னின. ஆனால் அவ்விரண்டும் கூடுகின்ற இடத்தில், கூர் இருக்க வேண்டிய இடத்தில், ஒரு வளைவு இருந்தது. பென்சிலின் அடிப்பகுதியைப் போல உருண்டிருந்தது. இத்தனை நாள் தேய்த்தும் கூர் ஏன் வரவில்லை? இந்த வினாவுக்கு விடை காண்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

கூர் என்பது என்ன? இரண்டு தளங்கள் ஒரு கோட்டில் சந்திக்கின்றன, அக்கோடே கூர். அந்தக் கோடு எவ்வளவு மெல்லியதாக இருக்கிறதோ அவ்வளவு கூர்மை. நம் தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 50 முதல் 100 மைக்ரோமீட்டர் வரை இருக்கும். நன்கு தீட்டிய சவரக்கத்தியின் விளிம்போ ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவான தடிப்புடையது. இரு தளங்களும் ஒழுங்கான தளங்களாக இருந்து, இடையில் எதுவும் உருளாமல் சந்தித்தால்தான் இத்தகைய கோடு அமையும்.

அத்தளங்கள் சந்திக்கும் கோணம் கருவிக்குக் கருவி மாறும். சமையற்கத்தியைப் பக்கத்துக்கு 15 முதல் 20 பாகை வரையில் தீட்டுவது வழக்கம். இரு பக்கமும் சேர்ந்து 30 முதல் 40 பாகை ஆகும். எலும்பையும் தேங்காய் மட்டையையும் வெட்டும் கனத்த கத்திக்குப் பக்கத்துக்கு 25 பாகையோ அதற்குச் சற்று மேலோ வேண்டும். இல்லையேல் விளிம்பு உதிர்ந்துவிடும். கோணம் குறைந்தால் கூர் மிகும், உறுதி குறையும். கோணம் மிகுந்தால் உறுதி மிகும், கூர் குறையும். எந்தக் கோணத்தைத் தேர்ந்தெடுப்பது என்பது அவரவர் தேவையைப் பொறுத்தது. ஆனால் தேர்ந்தெடுத்த கோணத்தை முதல் இழுப்பிலிருந்து கடைசி இழுப்புவரை மாறாமல் காப்பது எல்லாருக்கும் பொதுவான கடமை.

மாறினால் என்ன ஆகும்? இதனைச் சற்று ஆழ்ந்து பார்ப்போம். 15 பாகையில் தீட்டிக்கொண்டிருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஓர் இழுப்பில் கை தாழ்ந்து 12 பாகை ஆகிவிட்டது. அப்போது கல் விளிம்பைத் தொடுவதில்லை. விளிம்புக்குப் பின்னால் உள்ள தோளைத்தான் தொடுகிறது. அங்கே சிறிது இரும்பு தேய்கிறது. விளிம்பு அப்படியே இருக்கிறது. அந்த இழுப்பு வீண், ஆனால் கேடில்லை. மற்றோர் இழுப்பில் கை உயர்ந்து 20 பாகை ஆகிவிட்டது. இப்போது கல் வேறெதனையும் தொடாமல் விளிம்பின் நுனியை மட்டுமே தொடுகிறது. முன்பு பத்து இழுப்புகளில் நாம் அரிதாக உண்டாக்கிய கூரினை அந்த ஓர் இழுப்பு தின்றுவிடுகிறது. தாழ்ந்தால் தாமதம், உயர்ந்தால் சேதம். நான் செய்தித் தொகுப்பைக் கேட்டுக்கொண்டு தீட்டியபோது என் கை தாழ்ந்தும் உயர்ந்தும் ஊசலாடியது. தாழ்ந்தபோது தோள் மின்னியது. உயர்ந்தபோது கூர் போயிற்று. பளபளப்பைக் கண்டு கூர் என்று நான் மயங்கினேன்.

காரணம் விளங்கியது. ஆனால் கையைக் கட்டுப்படுத்துவது எப்படி? தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்று ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குக் கற்பித்தார்கள். ஆகவே, கோணம் மாறாமல் தீட்டுவதில் வல்லவர்கள் யாவர் என்று எண்ணிப் பார்த்தேன். இருவர் நினைவுக்கு வந்தனர். ஒருவர் முடிதிருத்துபவர், மற்றவர் தச்சர்.

எங்கள் ஊரில் முடிதிருத்தும் நிலையம் வைத்திருக்கும் முதியவர் ஒருவர், தம் தந்தையார் ஆண்ட சவரக்கத்தியைப் பழைய அடைப்பத்தில் இன்னும் காத்து வைத்திருக்கிறார். இப்பொழுது கடையில் பயன்படுவது மாற்றத்தக்க பிளேடுதான் என்றாலும், நான் கேட்டதற்கிணங்க அதனை எடுத்துக் கல்லில் தீட்டிக் காட்டினார். கை ஒரே சீராகச் சென்று வந்தது. நான் வியந்தேன். அவர் சிரித்துக்கொண்டே, "ஐயா, இதில் என் கெட்டிக்காரத்தனம் பாதிதான். மீதியைக் கத்தியே பார்த்துக்கொள்கிறது" என்றார். உற்று நோக்கினால் உண்மை புலனாகிறது. சவரக்கத்தியின் முதுகு தடித்தது. அலகின் நடுப்பகுதி குழிந்தது. அதனைக் கல்லின்மேல் படுக்க வைத்தால் முதுகும் வாயும் ஒருங்கே கல்லைத் தொடுகின்றன. முதுகின் தடிப்பே கோணத்தை நிறுவிவிடுகிறது. முதுகைக் கல்லிலிருந்து எடுக்காதவரை கோணம் மாறவே மாறாது.

அடுத்து, தச்சருடைய உளி. அதன் ஒரு பக்கம் தட்டை. மறுபக்கத்தில் ஏறத்தாழ 25 பாகையில் அகன்ற சாய்வு இருக்கிறது. அச்சாய்வைக் கல்லில் வைத்து உளியை மெல்ல முன்னும் பின்னும் அசைத்தால், ஓரிடத்தில் அது பொருந்தி அமர்வதைக் கை உணரும். அந்த உணர்ச்சியே வழிகாட்டி. எத்தனை முறை எடுத்து வைத்தாலும் அதே இடத்தில் வந்து அமரும்.

இனி நம் சமையற்கத்திக்கு வருவோம். இதற்கு முதுகும் துணை செய்வதில்லை. சாய்வும் துணை செய்வதில்லை. சாய்வு உண்டு, ஆனால் அது மில்லிமீட்டருக்கும் குறைந்த அகலமுடையது, கையால் உணர்வது அரிது. ஆகவே மூன்று கருவிகளிலும் எளிமையானதாகத் தோன்றும் சமையற்கத்தியே தீட்டுவதற்கு மிகக் கடினமானது. அதற்கு வேண்டிய வழிகாட்டியை நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

கோணமானி தேவையில்லை. கத்தியின் அகலத்தை, அதாவது முதுகிலிருந்து வாய்வரை உள்ள தொலைவை, அளந்துகொள்ளுங்கள். அதில் கால்பங்கு உயரத்துக்கு முதுகைக் கல்லிலிருந்து உயர்த்தினால் கோணம் பதினான்கரைப் பாகை. அதாவது நமக்கு வேண்டிய 15-க்கு மிக அண்மையில். மூன்றில் ஒரு பங்கு உயர்த்தினால் பத்தொன்பதரைப் பாகை. அதாவது 20-க்கு அண்மையில். முக்கோணவியல் படித்தவர்கள் இதன் காரணத்தை உடனே அறிவார்கள்; படிக்காதவர்களும் அளவுகோலை வைத்துக் கண்டுகொள்ளலாம். 40 மில்லிமீட்டர் அகலமுள்ள கத்திக்குக் கால்பங்கு 10 மில்லிமீட்டர். அந்த உயரத்துக்குச் சில நாணயங்களைக் கல்லின்மேல் அடுக்கி, அவற்றின்மேல் முதுகைச் சாய்த்து வையுங்கள். முதுகு தடித்ததாக இருந்தால் அதன் நடுக்கோட்டிலிருந்து கணக்கிடுங்கள். அந்நிலையைக் கண்ணால் பாருங்கள், மணிக்கட்டால் உணருங்கள். பிறகு நாணயங்களை எடுத்துவிட்டுக் கையை அதே நிலையில் நிறுத்துங்கள். மீண்டும் நாணயங்களை வைத்துச் சரிபாருங்கள். தொடக்க வகுப்பில் குழந்தைகள் கோடிட்ட ஏட்டில் எழுதிப் பழகிய பிறகே கோடில்லாத தாளுக்குச் செல்கிறார்கள் அல்லவா? நாணயங்கள் நம் கோடிட்ட ஏடு.

இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். 40 மில்லிமீட்டர் அகலக் கத்தியில், முதுகு ஒரு மில்லிமீட்டர் ஏறியிறங்கினால் கோணம் ஏறக்குறைய ஒன்றரைப் பாகை மாறுகிறது. பழம் நறுக்கும் சிறுகத்தி 20 மில்லிமீட்டர் அகலமே இருக்கும். அதில் அதே ஒரு மில்லிமீட்டர் பிழை மூன்று பாகையாகிவிடுகிறது. ஆகவே பழகுபவர்கள் அகன்ற கத்தியில் தொடங்குவதே நன்று. சிறுகத்தி எளிது என்று அதில் தொடங்கி மனம் தளர்ந்தவர்கள் பலர். நான் அவர்களுள் ஒருவன்.

இனி உடலின் நிலையைப் பற்றிச் சொல்கிறேன். கை ஊசலாடுவதற்கு முதற்காரணம் மணிக்கட்டு. அது கதவின் கீல் போன்றதன்று. எல்லாப் பக்கமும் மடங்குவது. கையை முன்னே நீட்ட நீட்ட, நாம் அறியாமலே மணிக்கட்டு சுழல்கிறது, முதுகு உயர்கிறது. ஆகவே மணிக்கட்டை இறுக்கமின்றி, ஆனால் அசைவின்றி நிறுத்திக்கொண்டு, தோளாலும் இடுப்பாலும் இயங்க வேண்டும். தரையில் குந்தித் தீட்டுவதைவிட, இடுப்பளவு உயரமுள்ள மேடையில் கல்லை வைத்து நின்று தீட்டுவது நல்லது. கல்லின் அடியில் ஈரத்துணியை மடித்து விரியுங்கள். கல் நகர்ந்தால் கோணமும் நகரும். வலக்கை பிடியைப் பற்றட்டும். இடக்கையின் இரண்டு மூன்று விரல்கள் அலகின்மேல், வாய்க்குச் சற்றுப் பின்னால், எந்தப் பகுதி கல்லில் தேய்கிறதோ அந்தப் பகுதிக்கு நேரே இருக்கட்டும்.

ஒரே இழுப்பில் முழு நீளத்தையும் தீட்டிவிட முயல வேண்டாம். அடி, நடு, நுனி என்று மூன்று பகுதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நுனிப்பகுதியில் வாய் வளைந்து செல்கிறது. அங்கே கை முன்போலவே சென்றால், கல் நுனியைத் தொடாமல் நழுவிவிடும். வளைவு தொடங்கும் இடத்திலிருந்து பிடியைச் சிறிது சிறிதாக உயர்த்திக்கொண்டு செல்ல வேண்டும். கோணம் மாறக்கூடாது என்று சொல்லிவிட்டு, இப்போது கையை உயர்த்தச் சொல்கிறேனே என்று நீங்கள் கேட்கலாம். முரண்பாடு இல்லை. வளைந்த வாய்க்கும் கல்லுக்கும் இடையே உள்ள கோணம் மாறாதிருப்பதற்காகவே கை மாறுகிறது.

அழுத்தம் எவ்வளவு? சமையலறைத் தராசின்மேல் கல்லை வைத்து நான் அழுத்திப் பார்த்தேன். ஒரு கிலோ எடையளவு அழுத்தம் தொடக்கத்துக்குத் தாராளமாகப் போதும். முடிவில் கத்தியின் சொந்த எடையே போதும். அழுத்தம் மிகுந்தால் தசை இறுகும். தசை இறுகினால் கை நடுங்கும். கை நடுங்கினால் கோணம் கெடும்.

கோணம் சரியாக இருக்கிறதா என்பதை அறிவது எங்ஙனம்? இதற்கு ஓர் அருமையான வழி உண்டு. எழுத்துகள் அழியாத மார்க்கர் பேனா மையை அலகின் விளிம்போரத்தில் பூசுங்கள். மை உலர்ந்தபின் கல்லில் இரண்டே இழுப்பு இழுத்து, வெளிச்சத்தில் பாருங்கள். மை முழுவதும் அழிந்திருந்தால் கோணம் சரி. விளிம்பின் நுனியில் மை எஞ்சி, பின்னால் மட்டும் அழிந்திருந்தால் கை தாழ்ந்திருக்கிறது. நுனியில் மட்டும் அழிந்து, பின்னால் எஞ்சியிருந்தால் கை உயர்ந்திருக்கிறது. ஓரிடத்தில் அழிந்தும் மற்றோரிடத்தில் எஞ்சியும் திட்டுத் திட்டாக இருந்தால் கை ஊசலாடுகிறது. இம்முறையை மேற்கொண்ட முதல் நாளில் என் கத்தி முழுவதும் திட்டாக இருந்தது. பத்தாம் நாளில் அடிப்பகுதி சீரானது. நுனிப்பகுதி சீராவதற்கு ஒரு திங்களுக்கு மேல் ஆயிற்று.

அடுத்த அறிகுறி பிசிறு. ஒரு பக்கத்தை விளிம்புவரை தீட்டி முடித்தால், மிக மெல்லிய இரும்புப் பிசிறு மறுபக்கம் மடிந்து நிற்கும். விரலை முதுகிலிருந்து வாயை நோக்கி, வாய்க்கு அப்பால் செல்லுமாறு மெல்ல வழித்தால் அது தட்டுப்படும். வாயின் நீளவாட்டில் விரலை ஓட்டவே கூடாது. பிசிறு அடியிலிருந்து நுனிவரை தொடர்ச்சியாக எழுந்த பிறகே கத்தியைத் திருப்ப வேண்டும். ஓரிடத்தில் பிசிறு இல்லையென்றால், அங்கே கல் இன்னும் விளிம்பை எட்டவில்லை என்பது பொருள். மறுபக்கத்தையும் அவ்வாறே தீட்டியபின், பக்கத்துக்கு ஒன்றாக மாறி மாறி இலேசாக இழுத்துப் பிசிறை நீக்க வேண்டும். பிறகு தோல்வாரிலோ மடித்த செய்தித்தாளிலோ வாய் பின்னே வருமாறு சிலமுறை இழுத்தால் போதும்.

பதம் பார்ப்பதற்கு ஒரு தாளை அந்தரத்தில் பிடித்து அறுத்துப் பாருங்கள். அல்லது தக்காளியின் தோலின்மேல் கத்தியை அழுத்தாமல் இழுத்துப் பாருங்கள். விளக்குக்கு நேரே வாயை நிமிர்த்திப் பிடித்தால், மழுங்கிய இடம் ஒளியைத் திருப்பிக் காட்டும். கூரிய இடத்தில் ஒளிக்கோடு தெரியாது. "தீட்டிய மரத்திலேயே பதம் பார்க்கிறான்" என்று நன்றி மறந்தவனைப் பற்றி நம்மவர் சொல்வதுண்டு. கல் மட்டுமன்றி, மணற்பொடி தூவிய மரப்பலகையிலும் தீட்டும் பழக்கம் இருந்ததை அப்பழமொழி நமக்கு நினைவூட்டுகிறது. பனையேறும் தொழிலாளர்கள் பாளை அரிவாளை அவ்வாறு பலகையில் தீட்டுவது வழக்கம். பாளையைச் சீவும் சீவல் தடித்தால் பதநீர் ஒழுகாது என்பதால், அவர்களுக்குக் கூர் என்பது அன்றன்றைய உணவு.

கல்லைப் பற்றியும் ஒரு சொல். இன்று கடைகளில் கிடைக்கும் சாம்பல் நிறத் தீட்டுக்கற்களுள் பல சிலிக்கன் கார்பைடு என்னும் பொருளால் ஆனவை. எட்வர்டு அச்செசன் என்னும் அமெரிக்கர் 1891-ஆம் ஆண்டில் மின் உலையில் இதனை உண்டாக்கிக் கார்போரண்டம் என்று பெயரிட்டார். கடினத்தில் வைரத்துக்கு அடுத்த வரிசையில் வைக்கத்தக்க பொருள்களுள் அதுவும் ஒன்று. அத்தகைய கல்லும் நாள்தோறும் தேய்த்தால் நடுவில் குழிந்துவிடும். கல் குழிந்தால், கை எவ்வளவு சீராக இருந்தாலும் கோணம் ஓடத்தின் அடிப்புறம் போல ஏறி இறங்கும். ஆகவே அவ்வப்போது, தட்டையான கண்ணாடிப் பலகையின்மேல் உப்புத்தாளை வைத்து, நீர் தெளித்துக் கல்லையே தேய்த்துச் சமப்படுத்த வேண்டும். கையைக் குறை கூறுமுன் கல்லைப் பாருங்கள்.

அரிவாள்மனை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அங்கே அலகு நிலையாக நிற்கிறது. ஆகவே கல்தான் நகர வேண்டும். சிறிய கல்லாக எடுத்து, அலகின் பக்கத்தில் சாய்த்து, கீழிருந்து மேலாக வளைவைப் பின்பற்றி ஓட்ட வேண்டும். கல்லைப் பற்றிய விரல்கள் எப்போதும் வாய்க்குக் கீழேயே இருக்கட்டும். மை பூசிப் பார்க்கும் முறை இதற்கும் பொருந்தும். கதிர் அறுக்கும் பன்னரிவாளை மட்டும் இம்முறையில் தீட்ட வேண்டாம். அதன் பற்கள் போய்விடும்.

இவற்றையெல்லாம் கற்றபின், நான் பெருமை பேசித் திருப்பியனுப்பிய சாணைக்காரரை எண்ணிப் பார்த்தேன். சுழலும் சக்கரத்தில் தீட்டும்போது இரும்பு சூடேறும். ஏறத்தாழ 300 பாகை செல்சியசை நெருங்கினால் விளிம்பு நீலம் பூக்கும். எஃகின் கடினம் தளர்ந்துவிடும். ஆகவே அவர் ஓரிடத்தில் நொடிப்பொழுதும் நிறுத்தாமல், அதே வேளையில் சாய்வும் மாறாமல், வண்டியை மிதித்துக்கொண்டே தீட்டினார். வழிகாட்டும் முதுகும் இல்லை; நாணய அடுக்கும் இல்லை; நின்று சரிபார்க்க நேரமும் இல்லை. அந்தக் கையின் கல்வியை நான் மதிக்கத் தவறினேன். அடுத்த முறை அவர் தெருவில் வந்தபோது எங்கள் வீட்டைக் கடந்து போனார். நானே ஓடிச் சென்று அழைத்து, என் கத்தியைக் காட்டி, எங்கே பிழை என்று கேட்டேன். ஒரு முறை ஒளியில் பிடித்துப் பார்த்துவிட்டு, "நுனியிலே கை தூக்குகிறீர்கள் ஐயா" என்றார். மையின் உதவியின்றியே அவர் அதனைக் கண்டுகொண்டார்.

அவர் சொன்ன அந்த ஒரு சொல் என்னை வேறொரு நினைவுக்கு இட்டுச் சென்றது. வகுப்பறையில் நான் எத்தனையோ முறை, "நேராக எழுது", "கவனமாகக் கணக்குப் போடு", "திருத்தமாகப் படி" என்று சொல்லியிருக்கிறேன். அழுத்தி நறுக்கு என்று வீட்டில் சொன்னது போலவே அங்கும் சொல்லியிருக்கிறேன். எங்கே பிழை, எந்தப் பக்கம் பிழை என்று சொல்லாமல், இன்னும் முயற்சி செய் என்று மட்டும் சொல்லும் ஆசிரியன், மழுங்கிய கத்திக்கு அழுத்தம் கொடுப்பவன்தான். அம்மாணவர்கள் சோம்பேறிகள் அல்லர். அவர்களுடைய முயற்சியில் பாதி தோளில் தேய்ந்தது. ஒரு சில தவறான இழுப்புகளில் மீதியும் கரைந்தது. அவர்களுக்கு வேண்டியிருந்தது மேலும் அழுத்தம் அன்று. பிழையைத் தாமே காணும்படி பூசப்பட்ட சிறிது மை. இதனை நான் பணியில் இருந்த காலத்திலேயே அறிந்திருக்கலாம். இன்று பணியில் இருக்கும் இளைய ஆசிரியர்கள் எவரேனும் இதனைக் கேட்டுக்கொண்டிருந்தால், அவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன்.

நேயர்களே, கையால் தீட்டும் எவரும் எந்திரம் போல ஒரே பாகையில் நிற்க முடியாது. தேர்ந்த கையும் ஓரிரு பாகை அசையும். அதனால் விளிம்புக்குப் பின்னால் சிறு புடைப்பு உண்டாகும், அது குற்றமன்று. நாம் காக்க வேண்டியது உயரும் பிழை ஒன்றைத்தான். ஐயம் தோன்றும்போதெல்லாம் முதுகைச் சற்றுத் தாழ்த்திக்கொள்ளுங்கள். தாமதம் ஆனாலும் கூர் பிழைக்கும். நாளொன்றுக்குப் பத்து நிமிடம் போதும். ஆனால் அந்தப் பத்து நிமிடமும் வானொலியை நிறுத்திவிடுங்கள் என்று வானொலியிலேயே கேட்டுக்கொள்கிறேன்; நிலையத்தார் பொறுத்தருள்க.

எங்கள் வீட்டில் இப்பொழுது ஞாயிறுதோறும் நான் கத்தி தீட்டுகிறேன். தீட்டியதை மேடையில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வந்துவிடுவேன். சென்ற மாதம் ஒருநாள், சேனைக்கிழங்கு நறுக்கும் ஓசை கூடத்துக்குக் கேட்டது. அழுத்தமின்றி, ஒரே சீராக, ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டது. நான் எழுந்து சென்று வாயிற்படியில் நின்றேன். என் துணைவியார் திரும்பிப் பாராமலே, "இன்று கத்தி நன்றாக இருக்கிறது" என்றார். நிமிராத அந்த விரல் கிழங்கின்மேல் சற்றே வளைந்து, கத்தியிலிருந்து விலகி இருந்தது.